பொடிசின் சரியான வயது

குழந்தையின் ஆஸ்பத்திரித் தாளில் ‘பின்தங்கிய வளர்ச்சி’ என்ற கட்டத்தில் டிக் விழுந்ததைப் பார்த்ததும் பொடிசின் அம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. பேருந்தில் டிக்கெட் பரிசோதகர் வேலை அவளுக்கு. தப்புக் கணக்கைக் கண்டால் விடமாட்டாள்.

“எதை வச்சு இப்படிப் போட்டீங்க?”

“ஒரு வயசு முடிஞ்சிருச்சு. பிடிச்சுக்கிட்டுகூட நிக்கல, ஒரு வார்த்தை பேசல,” என்றாள் வளர்ச்சியைச் சோதிக்கும் பெண், பாயில் கிடந்த சிவப்புக் கட்டைகளை ஒதுக்கியபடி.

“மூணு மாசம் முன்னாடியே பொறந்து கண்ணாடிப் பெட்டில கிடந்தவ இவ. அந்த மூணு மாசத்தைக் கழிச்சுப் பாக்கணும்னு பெரிய டாக்டரே சொன்னாரு. ஒன்பது மாசக் குழந்தை எந்திரிச்சு நின்னு பாட்டா பாடும்?”

கூட வந்த நாத்தனார் முழங்கையால் இடித்தாள். “அண்ணி, கொஞ்சம் அடங்குங்க.”

“இவ பிழைக்கவே மாட்டாள்னு சொன்னப்பவே நான் அடங்கல.”

கோப்பின் பக்கங்களைப் புரட்டிய பெண்ணின் முகம் சுருங்கியது. “தப்பு என்னுதுதான். பிறந்த தேதியை மட்டும் பாத்துட்டேன்.”

மறுபடி சோதித்தாள். பொடிசு ஆடாமல் உட்கார்ந்தாள், மணிச் சத்தத்துக்குத் திரும்பினாள், ‘பபபபா’ என்று அறையையே ரெண்டாக்கினாள். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்து கட்டை. வலப்பக்கம் நீட்டியபோதும் இடது கைதான் குறுக்கே பாய்ந்தது.

“அப்பா மாதிரியே இடது கைக்காரி,” என்றாள் அம்மா பெருமையாக.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இடது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு மறுபடி நீட்டினாள். வலது கை முஷ்டி திறக்கவே இல்லை.

“இந்த வயசுல குழந்தைங்க ரெண்டு கையையும்தான் நீட்டும். வலது கை இறுகி இருக்கு. குறைமாசத்துல பொறந்த சிலருக்கு இப்படி வரும். டாக்டர் பாக்கணும், பயிற்சி குடுக்கணும்.”

அந்த இடது கையை வைத்துத்தானே அம்மா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாள். தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

“அதை மட்டும் எழுத வேணாமே,” என்றாள் நாத்தனார் கெஞ்சலாக.

“எழுதுங்க,” என்றாள் அம்மா. “இல்லாததை எழுதினதுக்குச் சண்டை போட்டேன். இருக்கறதை நானே மறைக்கவா? பெரிசா எழுதுங்க. முதல்ல தப்பா போட்ட டிக்கை அடிச்சிருங்க.”

“பயிற்சிக்கு மூணு வாரம் கழிச்சுத்தான் இடம் இருக்கு.”

அம்மா சீருடையோடு பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். “அதுவரைக்கும் வீட்ல என்ன செய்யணும்னு காட்டுங்க. காட்டாம எந்திரிக்க மாட்டேன்.”

அந்தப் பெண் வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, சுருட்டியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் கட்டையை வைத்தாள். பொடிசு வீறிட்டாள்.

“ஐயோ, அழறா அண்ணி.”

“கத்தட்டும்,” என்று அம்மா அடுத்த கட்டையை எடுத்தாள்.