பால் ஒட்டாத வாள்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வேண்டுமானால் அந்தோனியார் முன்னால் மெழுகுதிரி அணைத்துச் சத்தியம் செய்யலாம்.

குருநகர் வின்சன்றுக்கு யப்பான் வாள் என்றால் உயிர். சந்தை சந்தையாக அலைந்து அவர் கொண்டுவந்த ஒன்பதும் போலி. அதில் இரண்டு, கூத்துக்காரர் கழித்துவிட்ட தகர வாள்கள்.

"பத்தாவதும் போலியெண்டால் எல்லாத்தையும் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் குடுத்திடுவன்" என்று மனைவி றோஸ் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

கொடிகாமம் சந்தையில், துருப்பிடித்த மண்வெட்டிகளுக்கு நடுவே, உறையோடு ஒரு வாள் கிடந்தது. வின்சன்ற் பாய்ந்து எடுத்தார்.

"அண்ணை, உது எங்கடை பாட்டன் சிங்கப்பூரிலை இருந்து கொண்டந்தது. அசல் யப்பான்" என்றார் பழஞ்சாமான் விற்கிற பஞ்சலிங்கம்.

வீட்டு முற்றத்தில் றோஸ் ஒரு பலாப்பழத்தைத் தூக்கி வைத்தாள்.

"அசலெண்டால் எண்ணெய் பூசாமல் வெட்டுங்கோ பாப்பம். வாளிலை பால் ஒட்டிச்சுதோ, இரும்புக்காரன்தான்."

வின்சன்ற் சிலுவை போட்டுக்கொண்டு ஒரே வீச்சு வீசினார். பழம் அசையவில்லை.

"உங்கடை வாள் பழத்திலை படவேயில்லை!" என்று றோஸ் கைதட்டிச் சிரித்தாள்.

அந்நேரம் அடுத்த வீட்டுக் கிறிஸ்ரோபர் தும்மினார். அந்த அதிர்ச்சியில் பழம் இரண்டாகப் பிரிந்து விழுந்தது. வாளில் ஒரு துளி பாலில்லை. பழத்தை மொய்க்க வந்து வாளின் விளிம்பில் குந்திய இலையான், இரண்டு இலையானாக எழும்பிப் பறந்தது.

றோஸ் சுத்தியலை எடுத்துவந்தாள். வாளை மாட்டுவதற்குச் சுவரில் ஆணியைத் தானே அடித்தாள்.

அது இன்றும் அங்கேதான் தொங்குகிறது. உறைக்குள் துருவேறி இறுகிப்போனதால், வாங்கிய நாள்முதல் ஒருவராலும் அதை உருவ முடியவில்லை.