கரவன் டயரும் கல்லடிப் பாலமும்

டயர் விஷயத்தில் என்னோடு வாதாட வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வாழைச்சேனைச் சந்தியில் அப்பா சில்வெஸ்டர் விட்டுப்போன டயர் கடையைத் தனியாக நடத்துகிறவள் நான். பெயர் ஜோசப்பின். பொம்பிளைக்கு டயரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டு வந்தவர்கள் பலர். அவர்களில் பாதிப்பேர் இப்போது என் வாடிக்கையாளர்கள். மீதிப்பேர் என்னைக் கண்டால் வேறு பாதையில் போகிறார்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தங்கராசண்ணன் வந்தார். பாசிக்குடாவில் இடிந்துபோன ஹோட்டல் ஒன்றின் பின்வளவில், சண்டைக்கு முன் உல்லாசப் பயணம் வந்த வெள்ளைக்காரன் விட்டுப்போன கரவன் ஒன்று நின்றது. கட்டில், அலுமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே வைத்து, கீழே இரண்டு சில்லுப் பூட்டிய சின்ன வீடு அது. மட்டக்களப்புக்குத் தெற்கே களுதாவளை மருத்துவிச்சி சீதேவிப்பிள்ளை அதைப் பிள்ளை பெறுகிற அறையாக்கக் கேட்டிருந்தா. பொழுதுபட்டால் ரோட்டில் யாரும் போகமுடியாத காலம். இருட்டில் வலி எடுத்தால் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. ஹோட்டல்காரர் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார், ஆமி முகாமின் அனுமதியும் கிடைத்துவிட்டது. ஜீப்பில் கொளுவி இழுத்துப் போகவேண்டியவர் தங்கராசண்ணன்.

அவருக்குப் பயம். பயப்படக் காரணமும் இருந்தது. முந்தின வருஷம் அவருடைய அண்ணன் வினாயகமூர்த்தி இதே ஜீப்பில் நெல் ஏற்றிய இழுவைப் பெட்டியை இழுத்துப் போனபோது, ஆமி முகாமுக்கு முன்னால் பெட்டியின் டயர் வெடித்தது. குண்டு என்று நினைத்து அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் ரோட்டில் எல்லா டிரைவர்மாரும் டயருக்குக் காற்றைக் குறைத்து ஓடத் தொடங்கினார்கள். மெத்தென்று இருக்கிற டயர் வெடிக்காதாம். எந்த மடையன் முதலில் சொன்னானோ தெரியாது, அத்தனை பேரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள்.

“காத்தைக் குறைச்சு அடி புள்ள. இளகலா இருந்தா வெடிக்காது” என்றார் தங்கராசண்ணன்.

“ஆரு சொன்ன?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

“அந்த எல்லாரையும் ஒருக்கா என்ட கடைக்குக் கூட்டி வாங்க. காத்துக் குறைஞ்சா டயர் உருளக்க மடிஞ்சு மடிஞ்சு சூடேறும். சூடேறினா உள்ளுக்க நூல் விட்டுப்போகும். மறுகா என்ன நடக்கும்? அதுதான் வெடிக்கும்.”

அவர் நம்பவில்லை. என் கடைவரை மெதுவாக இழுத்து வந்த கரவனில் கிடந்த பழைய டயர்களை நான் கழற்றி எறிந்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. “தேயவே இல்லையே புள்ள, புதுசு போலக் கிடக்கு” என்று அங்கலாய்த்தார். டயரின் பக்கத்தை மடக்கிக் காட்டினேன். காய்ந்த வயல்வட்டைத் தரைபோல வெடிப்பு ஓடியிருந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஓடாமல் வெயிலில் நின்ற டயர், தேயாவிட்டாலும் கிழடுதான். பாரம் தாங்கக்கூடிய வேன் டயர் இரண்டைத் தேடிப் பூட்டி, மறுநாள் விடிய, வெயில் ஏறுவதற்குள் காற்றை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்துக் காற்றடித்தேன்.

“நீ அடிச்ச காத்தை நம்பி நான் உசிரைக் குடுக்கவா? அவ்வளவு சரியெண்டா நீயும் ஏறு பாப்பம்.”

“ஏறுறன்” என்று சொல்லிக் கடையைப் பூட்டினேன். கால் பம்பைத் தூக்கி ஜீப்புக்குள் போட்டேன். பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் என் கைவேலையில் எனக்கு நம்பிக்கை அதைவிடக் கூட.

புறப்படும்போதே அடுத்த தொல்லை வந்தது. எங்கள் பக்கத்தில் வெறும் வாகனம் ஒன்று தெற்கே போகிறது என்று தெரிந்தால் போதும், ஊர் தன் சாமானோடு வந்து நிற்கும். மாட்டேன் என்று சொன்னால் மானக்கேடு. ஓட்டமாவடிப் பக்கீர் காக்கா காத்தான்குடியில் இருக்கும் மகளுக்கென்று அரிசி மூட்டைகளைக் கரவனுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் தேங்காய்ச் சாக்கோடு வேறு சிலர் நின்றார்கள்.

“இறக்குங்க காக்கா.”

“என்ன புள்ள, அரிசிதானே? ஒரு மூலையில கிடக்கட்டுமே.”

“இது லொறி இல்ல. ஒரு பக்கம் பாரம் கூடினா அந்தப் பக்க டயருக்குச் சாவு. டயருக்கு மட்டும் இல்ல, எங்களுக்கும்.”

அவர் முகம் கறுத்தது. வினாயகமூர்த்தியின் கதை அவருக்கும் தெரியும். மூட்டைகளை இறக்கினார். எனக்கும் மனம் கேட்கவில்லை. ஒரு சின்ன மூட்டையை மட்டும் வாங்கி ஜீப்பில் என் காலடியில் வைத்துக்கொண்டேன். தேங்காய்க்காரர்களை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மெதுவாகப் போனோம். செக்பொயின்ட் ஒவ்வொன்றிலும் இறங்கினோம், கரவனைத் திறந்து காட்டினோம், மூடினோம், ஏறினோம். மர நிழல் கண்ட இடத்தில் நிறுத்தச் சொல்லி டயரையும் சில்லின் நடுவையும் கையால் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் பார்க்கிறாயா என்று தங்கராசண்ணன் பகிடி பண்ணினார். ஏறாவூர் தாண்டியபோது அவருக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்திருந்தது. நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கல்லடிப் பாலத்தை அடைந்தபோது உச்சி வெயில். அது ஒடுங்கிய இரும்புப் பாலம், ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போகலாம். இரண்டு முனையிலும் காவலரண். பெண்களைச் சோதிக்கும் தகரக் கொட்டிலுக்குள் என்னைக் கூப்பிட்டார்கள். சோதனை முடிந்து வெளியே வந்து பார்த்தால், கரவனின் இடது டயர் காற்றிறங்கி வயிறு தள்ளி நின்றது. தங்கராசண்ணன் வலது டயருக்குப் பக்கத்தில் குந்தி வால்வு மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன வேலை பாக்கிறீங்க?” என்று கத்திவிட்டேன்.

“தொட்டுப் பாத்தன் புள்ள, கல்லுப் போல இறுகிக் கிடக்கு. பாலத்துல வெடிச்சா ரெண்டு பக்கத்தாலயும் சுடுவாங்க.”

“சூட்டுக்கு இறுகத்தான் செய்யும்! அதையும் பாத்துத்தானே விடிய அடிச்சன்? சூட்டுல காத்தை இறக்கினா ஆறக்க டயர் இன்னும் சப்பும். வெடிக்கிறது அதாலதான். எங்கட ரோட்டுல வெடிச்ச டயரெல்லாம் இப்பிடிக் காத்தை இறக்கித்தான் வெடிச்ச!”

அவர் எழும்பவில்லை. வால்வு மூடி கையிலிருந்து விழுந்து உருண்டது.

“அண்ணன் போன அண்டைக்கும் நான்தான் புள்ள காத்தை இறக்கிவிட்டன். வெயில் எண்டு... வெடிச்சிரும் எண்டு பயந்து... அண்ணனுக்குச் சொல்லவும் இல்ல.”

உருண்ட மூடியை நான் குனிந்து எடுத்தேன்.

காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் துவக்கை நீட்டிக்கொண்டு வந்தான். பின்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. வண்டியை எடு என்று சிங்களத்தில் அதட்டினான். நான் ஜீப்பிலிருந்து பம்பை இழுத்து எடுத்தேன். அவன் துவக்கு என் பக்கம் திரும்பியது. “ஹுலங் நே, மாத்தயா!” காற்றில்லை ஐயா என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தி, டயரைக் காலால் உதைத்துக் காட்டினேன். “டும்!” என்று கையை விரித்துக் காட்டியதும் அவன் ஓரடி பின்னால் போனான். வெடிச் சத்தத்துக்கு அவனுக்கும் பயம்தான். தலையை ஆட்டினான். நான் மிதிக்கத் தொடங்கினேன்.

என் மூச்சு வாங்கத் தொடங்கியபோது தங்கராசண்ணன் எழுந்து வந்தார். என்னை விலக்கிவிட்டுத் தான் மிதித்தார். யாரையோ மிதிப்பதுபோல மிதித்தார். நான் குனிந்து கேஜைப் பிடித்துக்கொண்டு, போதும் என்று சொல்லும்வரை அவர் நிறுத்தவே இல்லை.

பாலத்தில் ஏறினோம். இரும்புத் தட்டுகள் கடகடத்தன. டயரைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. பக்கத்தில் இருந்தவரைப் பற்றித்தான் கவலை. அண்டைக்கு வெடித்தது பழைய டயராக இருக்கலாம், பாரம் கூடியிருக்கலாம், ஆணி ஏறியிருக்கலாம் என்று சொல்லலாம். ஆனால் அந்த டயரை நான் பார்க்கவில்லை. பார்க்காத டயரைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வதில்லை. அவருக்கு ஆறுதலுக்காகப் பொய் சொன்னால் அதையும் கண்டுபிடித்துவிடுவார்.

அக்கரைக் காவலரணைத் தாண்டியதும் அவர் கேட்டார்.

“அப்ப, அண்ணனை நான்தானா புள்ள?”

“இஞ்ச பாருங்க” என்றேன். “டயர் வெடிக்கிறதைப் பத்தி எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு வெடிச்சிருக்கு. ஒருத்தரும் சாகல்ல. இறங்கி, நாலு தூஷணம் பேசி, வேற டயரைப் பூட்டிக்கொண்டு வீட்ட போயிருக்காங்க. உங்கட அண்ணனும் போயிருப்பார். சுட்டதாலதான் அவர் வரல்ல. சுட்டது நீங்க இல்ல.”

தங்கராசண்ணன் ஜீப்பை நடு ரோட்டிலேயே நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். செத்தவீட்டில்கூட அவர் அழுததை நான் காணவில்லை.

பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். விடாமல் அடித்தான். நான் இறங்கிப் போய் பஸ்ஸின் முன்னால் நின்று, “பொறு” என்றேன்.