ஒன்பது முறை திறந்த மெஷின்

ஆனையூர் வெற்றிவாசல் திறன் வளர்ச்சி மையத்துக்கு அந்த சி.என்.சி. லேத் மெஷின் லாரியில் வந்தபோது, ஒரு கிரேனும் எட்டு ஆட்களும் சேர்ந்து இறக்கி வைத்தார்கள். அதன் பிறகு எட்டு மாதம் அதை யாரும் தொடவில்லை. இரும்புத் துண்டைச் சுழலவிட்டு, கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்குச் சீவித் தருகிற மெஷின் அது. மதுரையின் எதிர்காலமே அதற்குள் இருப்பதாக அழைப்பிதழில் போட்டிருந்தது. எதிர்காலத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பனும் கட்டி வைத்திருந்தார்கள்.

திறப்பு விழா தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. சிறப்பு விருந்தினர் யார் என்பதே மூன்று முறை மாறிவிட்டது. வழியில் நானூறு மண்டகப்படியில் நின்று நின்று வருகிற அழகரே, கோவிலில் இருந்து புறப்பட்டுச் சொன்ன தேதிக்கு ஊருக்குள் வந்து, ஆற்றில் இறங்கி, திரும்பியும் போய்விட்டார். விருந்தினருக்கு மட்டும் தேதி அமையவில்லை.

அதற்காகப் பாடம் நின்றுவிடவில்லை. பயிற்றுநர் ஜினோ, மெஷினின் பட்டன் பலகையை ஒரு பெரிய சார்ட்டில் கலர் கலராக வரைந்து சுவரில் ஒட்டினார். பயிற்சிக்குச் சேர்ந்த பதினெட்டுப் பேரும் வரிசையில் வந்து சார்ட்டை அழுத்துவார்கள். மெஷின் ஓடுகிற சத்தத்தை ஜினோ வாயால் கொடுப்பார். தவறான பட்டனை அழுத்தினால் "டமார்!" என்று கத்துவார். முதல் மாதம் நிறைய டமார் கேட்டது. போகப்போக ஜினோவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

அந்த சார்ட்டை அழுத்துவதில் முனீஸ்வரியை அடிக்க ஆள் இல்லை. வில்லாபுரத்துக்காரி, வயது இருபத்தாறு. ஏற்கெனவே ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் மூன்று வருடம் இருந்தவள். அங்கே ஹாஸ்டலில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். ஒருத்தி எழுந்து ஷிப்டுக்குப் போனால், ஷிப்ட் முடிந்து வந்த இன்னொருத்தி அதே சூட்டில் படுத்துக்கொள்வாள். கடைசி வரை முனீஸ்வரி அந்த இன்னொருத்தியின் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. மதுரையில் இருந்துகொண்டு மதுரையிலேயே வேலைக்குப் போக வேண்டும் என்கிற பேராசையில்தான் திரும்பி வந்திருந்தாள்.

ஒன்பது வருடமாக ஓசூரிலேயே இருக்கும் அவள் அண்ணன் அருள்பாண்டி, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனில் சொல்லிவிட்டான்: "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிக்கு ஒனக்கு இங்க கட்டில் சொல்லி வச்சிருக்கேன். சார்ட்டை அமுக்குனா எவன் சம்பளம் குடுப்பான்?"

இப்படி இருக்கையில் கப்பலூரில் இருந்து ஒரு கடிதம் வந்தது. பம்புக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி. லேத் ஓட்டத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரடிச் சோதனை. சான்றிதழோடு வரவும்.

மூன்று வாரம் இருந்தது. முனீஸ்வரி கடிதத்தை எடுத்துக்கொண்டு மையத்தின் முதல்வர் மைக்கேல்ராஜிடம் போனாள். ஜினோவும் கூடப் போனார், கொஞ்சம் பின்னால் தள்ளி.

"சார், சோதனைக்கு முந்தி மெஷினைக் கொஞ்சம் ஓட்டிப் பாத்துக்கறோம்."

"திறக்காத மெஷினை எப்படிம்மா ஓட்டுறது?"

"சுவிட்சு போட்டா ஓடும் சார்."

"ஓடும். மரியாதையா இருக்குமா?"

ஜினோ வாசலைப் பார்த்தார். முனீஸ்வரி சுவரைப் பார்த்தாள். சுவரில், மைக்கேல்ராஜ் ஒரு மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தபோது எடுத்த ஆண்டு விழாப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. அதில் ஒரு விழாவில் திரை பாதியிலேயே சிக்கிக்கொண்டு, அரை மணி நேரம் சிறப்பு விருந்தினரின் முழங்கால் மட்டும் ஊருக்குத் தெரிந்தது என்பதும், அன்றிலிருந்து சார் ஒத்திகை பார்க்காமல் கொடிகூட ஏற்றுவதில்லை என்பதும் மையத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

"சரி சார்," என்றாள். "விழா அன்னிக்கு விருந்தினரு வந்து பட்டனை அமுக்கி, மெஷின் ஓடலேன்னா?"

மைக்கேல்ராஜின் பேனா நின்றது.

"எட்டு மாசமா சும்மா கெடக்குதுல்ல சார். அம்புட்டுப் பேருக்கு முன்னாடி கம்முன்னு நின்னுச்சுன்னா?"

"ஒத்திகை பார்க்கணும்," என்றார் மைக்கேல்ராஜ்.

"நானும் அதைத்தான் சார் சொல்றேன்."

"ஒத்திகை வேற, ஓட்டுறது வேற. புரியுதா? உறையை எடுக்கலாம். எடுத்ததை மடிச்சு வைக்கணும்."

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு முதல் ஒத்திகை. சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். நல்ல ரிப்பனைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, ஒத்திகைக்கென்று காகித ரிப்பன் கட்டினார்கள். சிறப்பு விருந்தினராக நடிக்க காளையைத் தேர்ந்தெடுத்தார் மைக்கேல்ராஜ். காளைக்கு நாற்பத்து மூன்று வயது. சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், இடுப்பு வலி வந்து வேறு தொழில் படிக்கலாம் என்று சேர்ந்தவர். ஆள் வாட்டசாட்டமாக இருந்ததால் வேறு தகுதி பார்க்கவில்லை. ரிப்பனை வெட்டி, பச்சைப் பட்டனை அழுத்துவது அவர் வேலை. அதற்குப் பின் "பயிற்சி பெற்ற மாணவி மெஷினை இயக்கிக் காட்டுவார்" என்று நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி. அந்த வரிதான் முனீஸ்வரி. மீதிப் பதினாறு பேரும் பொதுமக்கள்.

மைக்கேல்ராஜின் வரவேற்புரை நாற்பது நிமிடம் ஓடியது. மெஷினுக்கு இருபது நிமிடம் கிடைத்தது.

பச்சைப் பட்டனை அழுத்தியதும் மெஷின் உறுமியது. ஜினோ எட்டு மாதமாகக் கொடுத்த சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சார்ட்டில் பட்டன் அமுங்காது. இங்கே அமுங்கியது, அமுங்கியதும் உள்ளே ஏதோ நகர்ந்தது. முதல் துண்டு அளவு தப்பி வந்தது. பொதுமக்கள் கைதட்டினார்கள்.

"எம்புட்டு தப்பியிருக்கு சார்?" என்று ஜினோவிடம் கேட்டாள்.

"அரை மில்லிமீட்டர். பம்புல போட்டா தண்ணி வராது, வம்புதான் வரும். நாளைக்கு எப்படித் திருத்துறதுன்னு சொல்லித் தாரேன். இப்ப நன்றியுரை."

இப்படி ஒத்திகை தொடர்ந்தது. ஒவ்வொரு ஒத்திகையிலும் ஏதாவது ஒரு குறை இருப்பதாக முனீஸ்வரியே போய் மைக்கேல்ராஜிடம் சொல்லி, அடுத்த ஒத்திகைக்கு நாள் வாங்கிவிடுவாள். பூமாலை நழுவியது, மைக் இரைந்தது, பொதுமக்களில் ஒருவர் தூங்கிவிட்டார். வெட்டிய காகித ரிப்பனையே முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு மறுபடி கட்டினார்கள்.

சிக்கல் காளையால் வந்தது. நாலாவது ஒத்திகைக்கு அவர் அரை மணி நேரம் தாமதமாக வந்தார், தோளில் புதுத் துண்டோடு.

"எங்கண்ணே போனீங்க? எம்புட்டு நேரமா நிக்குறோம்!"

"சிறப்பு விருந்தினரு சொன்ன நேரத்துக்கு வந்தா நல்லாவா இருக்கும் தங்கச்சி? பாக்குறவய்ங்க மதிக்க மாட்டாய்ங்க."

"நீங்க லேட்டா வந்தா என் இருபது நிமிசம்தானண்ணே போகுது!"

"மனு எதுவும் இருந்தா குடும்மா. கவனிக்கிறேன்."

ஆறாவது ஒத்திகையில் அவர் ஆனையூருக்கு ஒரு மேம்பாலம் அறிவித்தார். பொதுமக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று மெஷினுக்கு ஏழு நிமிடம்தான் மிஞ்சியது. மறுநாள் முனீஸ்வரி வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம் கொண்டு வந்து, "மேம்பாலம் வேணாம்ணே, மூணு மணிக்கு வந்தா போதும்" என்று கொடுத்தாள். அதன்பின் சிறப்பு விருந்தினர் நேரத்துக்கு வந்தார்.

ஒன்பதாவது ஒத்திகையில் துண்டு சரியான அளவில் வந்தது. ஜினோ மூன்று முறை அளந்து பார்த்துவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலமே மைக்கேல்ராஜ் எல்லோரையும் கூட்டி, முகமெல்லாம் சிரிப்பாக அறிவித்தார்: விருந்தினர் தேதி கொடுத்துவிட்டார். இருபத்தாறாம் தேதி, வியாழன், காலை பத்து மணி.

முனீஸ்வரி கை தூக்கினாள். "சார், அன்னிக்குத்தான் கப்பலூர்ல சோதனை."

"அப்போ மெஷினை யாரும்மா ஓட்டிக் காட்டுறது?"

"ஜினோ சார் ஓட்டட்டும் சார்."

"பயிற்றுநர் ஓட்டினா அது எப்படித் திறன் வளர்ச்சி ஆகும்? பயிற்சி வாங்கின பொண்ணு ஓட்டணும். அதுக்குத்தானே இம்புட்டுப் பாடு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. விழாவைத் தவிர வேறெதிலும் பிடிவாதம் பிடித்து யாரும் பார்த்ததில்லை. "சான்றிதழை மேடையில்தான் குடுக்கிறோம். மேடைக்கு வராதவங்களுக்கு எப்படிக் குடுக்க முடியும், நீயே சொல்லு."

அன்று ஆனையூரில் இருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தாள். விழாவுக்குப் போனால் சான்றிதழ் உண்டு, வேலை இல்லை. கப்பலூருக்குப் போனால் சான்றிதழ் இல்லை, அது இல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பினால் வேலையும் இல்லை. இரண்டிலும் தவறினால் ஒண்ணாந்தேதி ஓசூர். வில்லாபுரம் பஸ்ஸுக்கு மாறி உட்கார இடம் கிடைத்ததும், எட்டு மாதமாக வராத ஆளை நம்புவதைவிடத் தன் கையை நம்பலாம் என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பெரியாரில் திருமங்கலம் பஸ் பிடித்து, ஒன்பதரைக்கே கப்பலூரில் இறங்கிவிட்டாள். கம்பெனியில் பதினோரு பேர் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்கள். பெண் இவள் ஒருத்திதான். சோதனை வைக்க வந்தவர் சூரியபிரகாஷ், பட்டறையின் பொறுப்பாளர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஒவ்வொருவர் சான்றிதழையும் வாங்கினார்.

"உங்களது?"

"இன்னிக்குத்தான் சார் மேடையில குடுக்குறாங்க. வாங்கப் போனா இங்க வர முடியாது."

சூரியபிரகாஷ் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "மெஷின் எம்புட்டு நாள் ஓட்டியிருக்கீங்க?"

முன்னால் இருந்தவர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று சொல்லியிருந்தார்கள். முனீஸ்வரி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். "மூணு மணி நேரம் சார். அதுல ஒருநாள் மேம்பாலத்துல கொஞ்சம் போயிருச்சு."

"என்னது?"

"ஒண்ணுமில்ல சார். மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி."

"கடைசில நில்லுங்க."

பன்னிரண்டரைக்கு அவள் முறை வந்தது. மெஷின் வேறு கம்பெனி மெஷின். பட்டன்கள் இடம் மாறி இருந்தன. ஆனால் அவளைத் திணற வைத்தது பட்டன் இல்லை. மேசையில் ஒரு இரும்புத் துண்டு இருந்தது. அதை மெஷினுக்குள் மாட்ட வேண்டும். மையத்தில் அது எப்போதும் மாட்டியே இருக்கும். விழாவில் தாமதம் கூடாது என்று கம்பளம் விரிப்பதற்கு முன்பே ஜினோ மாட்டி வைத்துவிடுவார். ஒன்பது முறை ஓட்டியும் ஒருமுறைகூட அவள் மாட்டியதில்லை.

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"சார், இதை மாட்ட மட்டும் எனக்குத் தெரியாது. ஒருவாட்டி காட்டுங்க. மீதியைப் பாத்துக்கறேன்."

"மாட்டத் தெரியாம எப்படி ஓட்டினீங்க?"

"எங்க மையத்துல அது வேற ஆளு வேலை சார்."

சூரியபிரகாஷ் கீழே இருந்த மிதியைக் காலால் அழுத்தினார். உள்ளே மூன்று பல் கொண்ட பிடி வாயைத் திறந்தது, துண்டை வைத்தார், காலை எடுத்தார், கவ்விக்கொண்டது. கழற்றி அவள் கையில் கொடுத்தார். முனீஸ்வரி மிதித்தாள், வைத்தாள், காலை எடுத்தாள். அவ்வளவுதான் சங்கதி.

இடம் மாறிய பட்டன்களை முதலில் தொடாமல் ஒவ்வொன்றாக விரலால் சுட்டிப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். முதல் துண்டை வெளியே எடுத்து, அவர் கேட்கும் முன்பே அளந்தாள். மயிரிழை பெரிது. திருத்த வேண்டிய எண்ணைத் திருத்தி இரண்டாவது துண்டை மாட்டினாள். அது வெளியே வந்தபோது சூடாக இருந்தது. சூரியபிரகாஷ் கண்ணாடியை நெற்றியில் இருந்து மூக்குக்கு இறக்கி அளந்தார். இன்னொரு தரம் அளந்தார்.

"மாட்டுறதை ஒரு நாள்ல கத்துக்கலாம்," என்றார், பக்கத்தில் இருந்தவரிடம் பேசுவதுபோல. "அளந்து திருத்துறதுக்குத்தான் ஆளே கிடைக்க மாட்டேங்குது." பிறகு அவளிடம், "திங்கக்கிழமை ஏழே முக்காலுக்கு வந்துருங்க. மூணு மாசம் பழகுநர், அப்புறம் நிரந்தரம். சான்றிதழ் கிடைச்சா குடுங்க. கிடைக்கலேன்னாலும் பரவாயில்ல."

வெளியே வந்து போனை எடுத்தாள். மைக்கேல்ராஜிடமிருந்து பதினாலு அழைப்பு. ஜினோவிடமிருந்து ஒரே ஒரு செய்தி: 'விருந்தினர் இன்னும் சமயநல்லூரே தாண்டவில்லை. சோதனை என்ன ஆச்சு?' ஜினோவுக்கு 'எடுத்துட்டாங்க சார்' என்று அனுப்பிவிட்டு, வேப்பமர நிழலில் நின்று அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தக் கட்டிலை வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லிரு."

"என்னடி ஆச்சு?"

"கப்பலூர்ல வேலை கெடைச்சிருச்சு. திங்கக்கிழமை சேரணும். வீட்ல இருந்தே போயிட்டு வந்துரலாம்."

அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல் கேட்டது. அண்ணன் ஷிப்டில் இருந்தான்.

"நெசமாவா?"

"நெசம்தான்."

"நல்லா இரு. ஏ முனீஸு... அங்க இன்னும் ஆள் எடுக்குறாய்ங்களா?"

"யாருக்குண்ணே?"

"சும்மாதான் கேட்டேன். வைக்கிறேன், சூப்பர்வைசர் வர்றான்."

முனீஸ்வரி போனைக் கைப்பைக்குள் வைத்தாள். திருமங்கலத்தில் இருந்து பெரியார் போகிற பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அவள் அதற்குக் கை காட்டவில்லை. திரும்பி கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தாள்.

"என்னம்மா, எதையாச்சும் விட்டுட்டுப் போயிட்டியா?" என்றார் காவலாளி.

"இல்லண்ணே. உள்ள ஒரு வார்த்தை கேக்கணும்."