ஓரத்தில் விழுந்த கை

அம்மாவின் விரல்களுக்கிடையே ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள் அல்போன்சா. விரல்கள் விறைத்துப்போயிருந்ததால் மணிகள் நிற்காமல் நழுவின. மூன்றாவது தடவை நழுவியபோது பவுல் மாமா குனிந்து அவள் காதருகே பேசினார்.

“ஏளா, குசினிக்குக் கொஞ்சம் வா. மடத்துக் கிளார்க் வந்திருக்காவ.”

“எதுக்கு மாமா?”

“வாயேன். பெட்டிய மூடுததுக்கு முன்ன பேசணுமாம்.”

அம்மா ஞானசௌந்தரி அன்று விடிகாலையில்தான் இறந்திருந்தாள். நான்கு மணிக்குக் கோயிலில் பூசை, அதன் பிறகு அடக்கம். இத்தனை வருஷம் இந்தத் தெருப்பக்கம் எட்டிப் பார்க்காத கன்னியர் மடத்துக்கு இன்றைக்கு என்ன திடீர்ப் பாசம் என்று அல்போன்சாவுக்கு எரிச்சலாக வந்தது. ஜெபமாலையை அம்மாவின் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டு எழுந்தாள்.

குசினியில் அடுப்பை ஒட்டி, தண்ணீர்ப் பானைக்கு அருகே கிருபாநிதி நின்றார். மடத்துப் பிள்ளைகள் இல்லத்தில் இருபது வருஷமாகக் கணக்கும் ரெஜிஸ்டரும் எழுதுகிறவர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஓரம் நீலமும் சிவப்புமான ஒரு கவர். அதில் விலாசம் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தார்.

“ஸ்வீடன்ல இருந்து வந்திருக்கும்மா. பத்து நாளாச்சு. கிரேசிய வளக்குதவங்க எழுதியிருக்காவ.”

அந்தப் பெயரை இந்த வீட்டில் அம்மாவைத் தவிர யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நேற்று ராத்திரி வரை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, அறுபத்தெட்டில், கொழும்புக்குப் போன தோணி திரும்பவில்லை. அதில் அப்பா இருந்தார். அப்போது தங்கச்சி கிரேசிக்கு ஐந்து மாதம், அல்போன்சாவுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டே மாதத்தில் அம்மா இருமி ரத்தம் துப்பினாள். கைப்பிள்ளையைப் பக்கத்தில் சேர்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மடத்து இல்லத்திலோ தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகளை மட்டும்தான் சேர்ப்பார்கள். கிருபாநிதிதான் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். தாயும் இறந்துவிட்டாள் என்று எழுதிக்கொள்ளலாம், பிள்ளைக்குப் பாலாவது கிடைக்கும், சுகமாகி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். மாமா கையெழுத்துப் போட்டார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்ற அம்மாவே, “எழுதுங்க” என்றாள்.

ஒன்றரை வருஷம் கழித்துக் காசநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், வீட்டுக்கு வராமல் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மடத்துக்குப் போனாள். பிள்ளையை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்திருந்தார்கள். கப்பலேறியதா விமானம் ஏறியதா என்றுகூட அங்கே யாரும் சொல்லவில்லை. போய் இரண்டு மாதம் ஆகிறது என்று மட்டும் சொன்னார்கள். புதிதாக வந்திருந்த சிஸ்டர் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தாய் இறந்ததாத்தானே இதுல இருக்கு?” என்று கேட்டாள். நான்தான் அந்தத் தாய் என்று சொன்னவளை ஏற இறங்கப் பார்த்து, நாளைக்கு வா என்று அனுப்பினாள். அந்த நாளை வரவே இல்லை.

அதற்குப் பிறகு உப்பளத்தில் கங்காணி அவசரப்படுத்தினால், “செத்தவளுக்கு என்ன அவசரம்?” என்பாள் அம்மா. கூட வேலை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அல்போன்சாவுக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

போன வாரம் மூச்சு வாங்க அவள் அல்போன்சாவிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “கிரேசி எப்பமாவது கேட்டா, அம்மா வந்தான்னு சொல்லு. ரெண்டு மாசம் பிந்திட்டேன்னு சொல்லு.”

“படிக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுக் கிருபாநிதி காகிதத்தை விரித்தார். ஆங்கிலத்தை மனதுக்குள் தமிழாக்கி, திக்கித் திக்கிச் சொன்னார்.

அவர்கள் ஊர்ப் பத்திரிகைகளில் கண்டபடி எழுதுகிறார்களாம். தாய் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளை இந்தியாவிலிருந்து கொண்டுவருகிறார்கள், இதை நிறுத்த வேண்டும் என்று. அப்படி நிறுத்திவிடக்கூடாது என்று இப்படிப் பிள்ளை எடுத்த நாற்பது குடும்பங்கள் சேர்ந்து சங்கம் வைத்துப் போராடுகின்றன. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மந்திரியைப் பார்க்கப் போகிறார்கள். ‘எங்கள் கிரேசியைப் பற்றி யாரும் விரல் நீட்ட முடியாது. அவள் தாய் இறந்துவிட்டாள் என்று ஊரறியச் சொல்கிறோம். அந்தத் தாயின் படமோ, கல்லறையின் படமோ இருந்தால் அனுப்புங்கள். அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று கிரேசி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.’

வெளியே பெண்கள் ஜெபம் சொல்லும் சத்தம் ஏறி இறங்கியது. 

“நல்ல மனுசங்கம்மா. பிள்ளைய உள்ளங்கையில வச்சுத் தாங்குதாவ. அவங்க பொய் சொல்லல. நெசம்னு நம்புதாவ.”

“நம்புத மாதிரி எழுதுனது யாரு?”

கிருபாநிதி காகிதத்தை மடித்துக் கவருக்குள் வைத்தார். மாமா தரையைப் பார்த்தார்.

“எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்து தேடி வந்தான்னு ஒரு வரி எழுதுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

“எழுதலாம். எழுதினா அந்தப் பேப்பர்க்காரன் சொன்னது நெசம்னு ஆயிரும். நாப்பது குடும்பமும் வாயத் தொறக்க முடியாது. இல்லத்துல பதினோரு பிள்ள தொட்டில்ல கெடக்கு, அல்போன்சா. அதுகளுக்கு நெசமாவே யாரும் இல்ல. அந்த வழியும் அடச்சிப்போகும்.” குரலைத் தாழ்த்தினார். “கிரேசியத் திருப்பி அனுப்பிருதாவன்னு வை. எங்க வச்சு வளப்ப? ஒங்கூட இறால் உரிக்கக் கூட்டிட்டுப் போவியா?”

அவளுக்கு அவர் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது. சொன்னதில் பாதியாவது உண்மையாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

“எங்கையெழுத்துலா இருக்கு அந்த ரெஜிஸ்டர்ல” என்றார் மாமா. “இந்த வயசுல என்னப் போலீசு ஸ்டேஷனுக்கு அலைய விட்டுராத தாயி.”

“இப்ப என்ன செய்யணும்?”

“ஒண்ணும் பெரிசில்ல. ஒரு போட்டோ.”

அம்மாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. இந்தத் தெருவில் யார் இறந்தாலும் பெட்டியைச் சாய்த்து நிமிர்த்தி, சொந்தபந்தம் சுற்றி நின்று ஒரு போட்டோ எடுப்பது வழக்கம். பாதிப் பேர் ஆயுசில் எடுத்துக்கொள்ளும் ஒரே போட்டோ அதுதான். ஸ்டூடியோக்காரர் செந்தில்வேலை மாமாவே வரச்சொல்லியிருந்தார். காலையில் கிளார்க்கிடம் முதலில் ஓடிப்போய் அம்மா இறந்ததைச் சொன்னதும் மாமாதான் என்று அல்போன்சாவுக்கு இப்போதுதான் புரிந்தது.

“அம்மா மட்டும் போதும்” என்றார் கிருபாநிதி. “நீ நிக்க வேண்டாம். ரெஜிஸ்டர்ல அம்மா செத்த அன்னைக்கு ஒனக்குப் பன்னெண்டு வயசு. இப்ப இருபத்தொரு வயசுப் பொண்ணு பக்கத்துல நின்னா இடிக்கும்.”

வாசலில் கூடியிருந்தவர்களை விலக்கி, வேப்ப மரத்தடியில் பெட்டியைச் சாய்த்தார்கள். மாமா பின்னால் நின்று தாங்கினார். செந்தில்வேல் காமிரா முக்காலியை மணலில் ஊன்றிக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். எல்லாப் பெண்களும் அல்போன்சாவையே பார்த்தார்கள். ஒற்றை மகள் தாயோடு நிற்காமல் ஓரமாக நிற்கிறாளே என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். 

கிருபாநிதி பக்கத்தில் வந்தார். “முடி நரச்சுத் தெரியுதும்மா. அப்ப அவங்களுக்கு முப்பத்திநாலுதானே. முக்காட்டக் கொஞ்சம் முன்ன இழுத்து விடு.”

வேறு யாரும் தொடுவதை அவள் விரும்பவில்லை. தானே குனிந்து வெள்ளை முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டாள். காதோரம் ஒரு நரைக் கொத்து அடங்க மறுத்தது. அதை உள்ளே தள்ளி, துணியைக் கன்னத்தோடு ஒதுக்கினாள். ஒன்பது வருஷம் அந்த முகத்திலிருந்து போயே போய்விட்டது. நோய் கன்னத்தை வற்றவைத்ததில், முப்பத்திநாலு வயதில் செத்தவள் என்று சொன்னால் நம்பும்படியாகத்தான் இருந்தது. தன் கையாலேயே அம்மாவை இரண்டாவது முறை கொன்றுவிட்டோம் என்று அல்போன்சா நினைத்தாள். 

அவள் விலகியபோது பெட்டி மணலில் லேசாகச் சறுக்கியது. சட்டென்று அதன் பக்கப்பலகையைப் பற்றினாள். நான்கு விரல்களும் பெட்டிக்குள் வளைந்து முக்காட்டின் ஓரத்தைத் தொட்டன.

“கைய எடும்மா” என்றார் செந்தில்வேல் துணிக்குள்ளிருந்து.

“விழுந்திரும்.”

“பின்னால அண்ணாச்சி பிடிச்சிருக்காவள்லா, விழாது.”

“ஏளா, எடு” என்றார் மாமா.

அவள் எடுக்கவில்லை. உடம்பை எவ்வளவு ஒதுக்க முடியுமோ அவ்வளவு ஒதுக்கிக்கொண்டு, கையை மட்டும் அங்கேயே விட்டிருந்தாள். கோயிலில் முதல் மணி அடித்தது. செந்தில்வேல் பொறுத்துப் பார்த்துவிட்டுப் படத்தை எடுத்துவிட்டார். உன்னோடு சேர்த்து இன்னொரு படம் பிறகு எடுக்கலாம் என்றார் மாமா. அதற்குள் ஆட்கள் பெட்டியை மூடித் தூக்கிவிட்டார்கள்.

மூன்று நாளும் அல்போன்சா அந்தக் கையையே நினைத்துக்கொண்டிருந்தாள். அடக்கத்தின்போதும், பக்கத்து வீட்டுக் கஞ்சியைக் குடிக்கும்போதும், இறால் கம்பெனியில் கூடை கூடையாகத் தலையைக் கிள்ளித் தோலை உரிக்கும்போதும். அந்தப் பிள்ளை படத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கும். இது யார் கை என்று கேட்கும். வளர்த்தவர்களும் உற்றுப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பதில் தெரியாது. ஆனால் பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கும், முகத்தைக் கேட்டதுபோல. அது போதும் என்று இருந்தது அவளுக்கு.

மூன்றாம் நாள் பகல் ஷிப்ட் முடிந்ததும் கைகூடக் கழுவாமல் ஸ்டூடியோவுக்குப் போனாள்.

“நேத்தே கிளார்க் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரேம்மா” என்றார் செந்தில்வேல். “ரெண்டு பிரிண்டு. இல்லத்துக்கு ஒண்ணு, வெளிநாட்டுக்கு ஒண்ணாம். நெகட்டிவையும் கேட்டு வாங்கிட்டாரு.”

“எனக்கு?”

அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். “ஒங்களுக்கு வேண்டாம்னுட்டாரு. ஓரத்துல ஒரு கை விழுந்திருக்கு, யார் கைன்னு கேள்வி வரும், வெட்டிருன்னாரு. இங்கன நின்னு, கண்ணு முன்னால வெட்டச் சொன்னாரு. எனக்குத் தூக்கிப் போட மனசு வரல.”

மேஜை டிராயரைத் திறந்து, பழைய பேப்பரில் மடித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினார்.

விரலகலத்தில் இரண்டு கீற்றுகள். அம்மா இல்லை. பெட்டிப் பலகையும் அதன்மேல் ஒரு கையும் மட்டும் இருந்தன. முதல் கீற்றில் கை முழுதாக இருந்தது, நகத்தில் இறால் கொம்பு குத்திய கறை வரைக்கும் தெரிந்தது. இரண்டாவது கீற்றில் கத்தரி கோணலாக இறங்கியிருந்தது. அதில் விரல்களுக்கு நுனி இல்லை; நுனிகள் அம்மாவின் முக்காட்டோடு படத்திலேயே தங்கிவிட்டன.

அல்போன்சா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது எந்தப் படத்துல வெட்டினது? வெளிநாட்டுக்குப் போனதா, இங்க இருக்கதா?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்? ரெண்டையும் ஒரே கவர்ல போட்டுத்தான் கொடுத்தேன்.”

அவள் தலையாட்டினாள். இரண்டு கீற்றுகளையும் அதே பேப்பரில் திரும்ப மடித்தாள். காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் கிடந்த விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவற்றைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.