அத்தா சொன்ன பதில்

பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் ஊர்ப் பெரியவர்களின் சபையான ஜமாத் கூடும். ரூமானாவும் அவள் கணவன் ரிஃபாயும் சேர்ந்து வாழ்வார்களா, பிரிவார்களா என்பது இன்று அங்கே முடிவாகிவிடும். ஆனால் ரூமானா அங்கே இருக்க முடியாது. மணமேல்குடிக்குப் பக்கத்திலிருக்கும் அந்தக் கடற்கரை ஊரில், பெண்ணுக்காக அவளைப் பெற்ற அத்தாதான் பள்ளிவாசலில் பேசுவார்.

"நல்லபடியா முடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அவளுடைய அத்தா ஷேக் தாவூது கிளம்பிப் போயிருந்தார்.

"அத்தா அங்க என்னம்மா சொல்லப் போறாங்க?" என்று ரூமானா தாயிடம் கேட்டாள்.

"நீ விரும்புனதைத்தான். ஒம் பேர்ல குலா கேக்கப் போறாங்க" என்றாள் ஜன்னத் பீவி.

குலா என்றால் மனைவி கேட்டு வாங்கும் மணவிலக்கு. ரூமானா எழுந்துவிட்டாள். "நான் எப்பம்மா கேட்டேன்?"

"முந்தாநாள் சாப்பிடுறப்ப, 'அறுத்து விட்டுரலாமாம்மா'ன்னு கேட்டாங்கள்ல? நீ தலையைக் குனிஞ்சுக்கிட்ட."

நிக்காஹ்வுக்குச் சம்மதம் கேட்கும்போது மணப்பெண் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால், அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். ரூமானாவின் நிக்காஹ்வும் அப்படித்தான் நடந்தது. பிரிவுக்கும் அத்தா அதே வழக்கத்தைப் பொருத்திவிட்டார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்றுதான் அவள் அன்று பேசாமல் இருந்தாள்.

அவளுடைய கல்லூரித் தோழி சிவரஞ்சனி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அறந்தாங்கியில் வக்கீல்.

"இதுக்குத்தான்டி கோர்ட்டுக்கு வான்னு சொன்னேன். அங்க உன் வாயால நீயே பேசலாம்."

"கோர்ட்ல பேசிட்டு நான் எங்கிட்டுப் போயி வாழுறது? ஊரு வேணுமா, உரிமை வேணுமான்னு நீயும் கேக்காத ரஞ்சனி. வண்டியை எடு."

"ஒன் கேஸை வச்சுப் பெரிய வக்கீல் ஆகிரலாம்னு பாத்தேன். கெடுத்துட்டியே" என்றபடி சிவரஞ்சனி சாவியை எடுத்தாள்.

ஓராண்டுக்கு முன்பு ரூமானா மணமேல்குடியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். மாமியாருக்குப் பிடிக்கவில்லை. மஸ்கட்டில் இருந்த ரிஃபாய், "வேலையை விட்டுரு" என்று போனில் சொன்னான். அவள் விடவில்லை. பேச்சு முற்றித் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது அவன் விடுப்பில் வந்திருக்கிறான். அவனுக்காகப் பேச அவனுடைய தாய்மாமன் இருக்கிறார்.

ரூமானா பள்ளிவாசல் கூடத்தின் படியேறி வாசலில் நின்றபோது பேச்சு அப்படியே நின்றது.

"என்னம்மா இது? அதான் ஒங்க அத்தா சொல்லிட்டாரே" என்றார் ஜமாத் தலைவர்.

"அது அத்தா சொன்ன பதிலுங்க. என்னோடது இல்ல."

ஷேக் தாவூது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரிஃபாயின் மாமா எழுந்தார். "பொம்பளைய இங்க பேச விட்டா நாளைக்கு டிவிக்காரன் வந்து நிப்பான். ஏற்கெனவே நம்ம மேலதான் எல்லாப் பயலுக்கும் கண்ணு."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. முன்பு பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியின் குடும்பச் சண்டை வெளியே போய், ஜமாத்தே வேண்டாம் என்று யார் யாரோ மைக் பிடித்துக் கத்தினார்கள். அதற்கப்புறம் அந்தப் பெண்ணை யாரும் நினைக்கவில்லை.

"டிவிக்குப் போறவ இங்க ஏன் மாமா வரணும்?" என்றாள் ரூமானா. "வெளிய வக்கீல் வண்டியோட நிக்கிறா. நான் இங்கதான வந்தேன்? இது என் ஜமாத்தும்தான். வெளியாளு யாரும் ஒங்களைக் கேக்காம முடிவு பண்ணக் கூடாதுங்கிறீங்க. என்னையும் கேக்காம முடிவு பண்ணாதீங்க."

தலைவர் தாடியைத் தடவினார். "சரி, சொல்லு."

"எனக்கு குலா வேணாம். மச்சான் வேணும், வேலையும் வேணும்."

"வேலையை விட்டாத்தான் கூட்டிட்டுப் போவோம்னு ரிஃபாய் சொல்லிட்டான்" என்றார் மாமா.

"மாமா, உக்காருங்க. நான் அப்படிச் சொல்லல" என்று ரிஃபாய் எழுந்தான்.

"அட, இவனுக்கும் வாய் இருக்குப்பா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு பெரியவர் முணுமுணுத்தபடி வெளியே போனார்.

ரிஃபாய் அவளையே பார்த்தான். "அம்மாகிட்ட நான் இன்னும் ஒழுங்காப் பேசலைங்க. ஒரு வாரம் டைம் குடுங்க."

"அடுத்த வெள்ளிக்கிழமை பாப்போம். அதுவரைக்கும் முறிவு இல்ல" என்றார் தலைவர். பிறகு, "பொண்ணும் வரட்டும்" என்றார்.

ஷேக் தாவூது யாரிடமும் சொல்லாமல் இறங்கி நடந்தார். ரூமானா ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.

"ஊருக்கு முன்னாடி என்னையப் பொய்யனாக்கிட்டியேம்மா."

"அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனா நான் தாங்க மாட்டேன்னு நெனச்சுச் சொன்னீங்கத்தா. அது எனக்குத் தெரியும்."

தெருமுனை திரும்பியதும் அவர் கேட்டார். "அடுத்த வாரம் யாரு பேசுறது?"

"நான்தான்த்தா."

"அப்ப நான் எதுக்கு?"

"மச்சானோட மாமா எந்திரிச்சாருல்ல, அப்ப எனக்குப் பயமாப் போச்சுத்தா. நீங்க பக்கத்துல இருக்கணும்."

மகள் சேர்ந்து வரட்டும் என்று ஷேக் தாவூது நடையை மெதுவாக்கினார்.