ஈர நூலுக்கு அந்தப் பக்கம்

மூன்றாவது முறையும் வீடியோ அறுந்தால் சார்ஜா ஆர்டர் கைநழுவிப் போகும். காலை பத்து மணிக்கு ஒத்திகை பார்த்தபோதே அறுந்துவிட்டது.

நூல் காயப்போடும் முற்றத்தின் நடுவில், உறைந்துபோன திரையைப் பார்த்தபடி நின்றாள் தங்கச்செல்வி. நரிக்குடிக்காரி. நெட்வொர்க் வேலைக்காக நேற்று மதியம்தான் இந்த ஆலைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தாள்.

பந்தல்குடி சாலையில் இருக்கும் சேக் முகம்மதுவின் கைலி ஆலையில் ஆபீசு, தறிக்கூடம், குடோன் மூன்றும் தனித்தனிக் கட்டடங்கள். தகரக் கூரைக்குள் செல்போன் டவர் எடுக்காது, வைஃபைதான் கதி. சார்ஜாவில் மொத்தக் கடை வைத்திருக்கும் ரஷீத் முன்பு ஓரிடத்தில் ஏமாந்தவர். எவர் தறியையோ காட்டிவிட்டு வெளிச்சரக்கை அனுப்பிவிட்டார்கள். அதனால், தறியில் ஓடும் துணியிலிருந்து குடோனில் அடுக்கிய கட்டு வரை ஒரே வீடியோவில் பார்க்கவேண்டும் என்றார். இரண்டு தடவை காட்டினார்கள். இரண்டு தடவையும் இந்த முற்றத்தில்தான் அறுந்தது.

"அந்த எடத்துல மட்டும் என்னத்த மறைக்கிறீக பாய்?" என்று ரஷீத் கேட்டேவிட்டார். இன்று பதினோரு மணிதான் கடைசித் தவணை.

முன்பு ஒவ்வொரு கட்டடத்து வைஃபை பெட்டிக்கும் ஒவ்வொரு பெயர். செல்வி எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தாள். ஆபீசுப் பெட்டியின் பவரைப் பாதியாகக் குறைத்தாள். அதுதான் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. நேற்று சாயங்காலம் வீடியோவை ஓடவிட்டு ஆறு தடவை நடந்து பார்த்தாள். ஒரு தடவைகூட அறுபடவில்லை.

இப்போது சேக் முகம்மது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல? பவரை முழுசா ஏத்தும்மா."

"ஏத்துனா இன்னும் கெடும் பாய். ஆபீசுப் பெட்டி கத்திக்கிட்டே இருந்தா போனு அதையேதான் கேக்கும். பக்கத்துல இருக்கிற பெட்டியத் திரும்பியே பாக்காது. காதுக்கு எட்டாமப் போன பெறகுதான் தேடும். அதுக்குள்ள அந்துரும்."

அவர் முகம் தெளியவில்லை. நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை? எதையும் தொடவில்லையே. சுற்றிப் பார்த்தாள். நேற்று வெறிச்சோடிக் கிடந்த முற்றத்தில் இன்று பத்து வரிசைக் கம்புகள். அத்தனையிலும் சாயம் சொட்டச் சொட்ட நீல நூல் கழிகள், ஆள் உயரத்துக்குத் தொங்கின.

"இது எப்பப் போட்டது?" என்று கேட்டாள்.

"தினமும் காலையில போடுறதுதான். மத்தியானம் காஞ்சிரும், எடுத்துருவோம்" என்றார் சாயப்பட்டறை பால்ச்சாமி.

ஈரம் வைஃபை அலையைக் குடித்துவிடும். ஒன்றல்ல, பத்துத் தண்ணீர்ச் சுவர். தினமும் கண்ணில் படுவதால் எவரும் அதைச் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. மத்தியானம் வந்த அவளும் கேட்கவில்லை.

எடுத்துவிடலாமா என்றாள். பால்ச்சாமி நகரவில்லை.

"பாதி ஈரத்துல எடுத்துக் குமிச்சா சாயம் திட்டுத் திட்டாப் போகும் தாயி. இது அந்த ஆர்டருக்குத்தான். பெறகு வீடியோ எதுக்கு?"

மணி பத்தே முக்கால். செல்வி ஆபீசுக்கு ஓடினாள். மீட்டிங் அறையில் இருந்த கூடுதல் பெட்டியைக் கழற்றினாள். கரண்டும் நெட்டும் ஒரே கேபிளில் வருவதால் தறிக்கூடத்திலிருந்து ஒரு கேபிளை இழுத்தால் போதும். நடு வரிசைக் கம்பின் உச்சியில், நூலுக்கு மேலே, பால்ச்சாமி கழிவு நூலால் அதை இறுகக் கட்டினார். பச்சை விளக்கு எரிந்தபோது மணி பதினொன்று. சேக் முகம்மதுவின் போன் அடித்தது.

"திரை நின்னாலும் நீங்க நிக்காதீக" என்று மட்டும் சொன்னாள்.

வீடியோ தறிக்கூடத்தைத் தாண்டியது. தடதடப்பு ஓய்ந்தது. அவர் முற்றத்தில் இறங்கினார். நான்கடி பின்னால் நடந்த செல்வி தன் போனில் அவருடையது எந்தப் பெட்டியைப் பிடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். தறிக்கூடம். இன்னும் தறிக்கூடம். மூன்றாவது வரிசையில் ரஷீத்தின் முகம் அப்படியே நின்றது. முதலாளி நிற்காமல் நடந்தார்.

செல்வியின் போனில் முற்றம் என்று மாறியது. ரஷீத் கண் சிமிட்டினார்.

"நில்லுங்க பாய்."

சேக் முகம்மது நின்றார்.

"கம்புல என்ன கட்டியிருக்கு?"

அவர் செல்வியைப் பார்த்தார். பிறகு மறைக்காமல் சொன்னார். "இங்கனதான் அந்துக்கிட்டு இருந்துச்சு. நூலு ஈரம். அதுக்குத்தான் இந்தப் பெட்டி."

"அந்த நூலக் கிட்டக்க காட்டுங்க" என்றார் ரஷீத். காட்டினார். சொட்டும் நீலத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, குடோனுக்குப் போங்க" என்றார். வாசலைத் தாண்டும்போது படம் கடுகளவும் அசையவில்லை. அடுக்கியிருந்த கட்டுகளில் அவர் கைகாட்டிய ஒன்றைப் பிரித்தார்கள். அதே நீலம்.

"அனுப்பிருங்க."

சேக் முகம்மது கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். செல்வி திரும்பி வந்தபோது பால்ச்சாமி கம்படியில் காத்திருந்தார்.

"எங் கம்ப எப்பத் தருவ தாயி? நாளைக்கு நூலு போடணும்."

"பெட்டி அங்கனயே இருக்கட்டும்" என்று குடோனுக்குள்ளிருந்து முதலாளியின் குரல் வந்தது. "உனக்கு வேற கம்பு நட்டுத் தாரேன்."