பெட்டியின் இடது பக்கம்

என் அண்ணனுக்குச் சாம்பியன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு, இது அவனே வைத்துக்கொண்டது. கடைப் பலகையிலும் கார் கண்ணாடியிலும் எழுதிவைத்தது போதாதென்று, கல்யாணப் பத்திரிகையிலும் அதைப் போட்டுக்கொண்ட மகராசன். பள்ளிக்கூடம் படித்த காலத்தில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. திரையில் மேலிருந்து கூட்டம் கூட்டமாகப் பூச்சிகள் இறங்கும், ஒரு சின்னக் கப்பலை ஓட்டி அவற்றைச் சுட வேண்டும். அந்தப் பெட்டியில் எவனும் எடுக்காத பாயிண்டை எடுத்தவன் என் அண்ணன் என்று ஊரே சொல்லும். ஊருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

உண்மையை நான் சொல்கிறேன், கேளுங்கள். அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு டோக்கன்தான் வாங்கித் தருவார். யார் ஆடுவது என்று தினமும் அடிதடி. கடைசியில் ஆட்டத்தையே பாதியாகப் பிரித்துக்கொண்டோம். பெட்டியின் இடது பக்கம் ஸ்டிக், கப்பலை ஓட்டுவதற்கு. அது என் கை. வலது பக்கம் பட்டன், சுடுவதற்கு. அது அவன் கை. எனக்கு உயரம் போதாது, கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டி மேல் நிற்பேன். அவன் என் தோளை இடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான். நான் எந்தப் பக்கம் ஒதுங்குவேன் என்று அவனுக்குத் தெரியும், அவன் எப்போது சுடுவான் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம்.

ஆட்டம் முடிந்ததும், அதிகப் பாயிண்ட் எடுத்தவர் பெயரைப் போடச் சொல்லித் திரையில் மூன்று கட்டங்கள் வரும். ஸ்டிக்கைத் திருப்பினால் எழுத்து மாறும், பட்டனைத் தட்டினால் எழுத்து விழும். அந்த நேரம் பார்த்து என் அண்ணனுக்கு இரண்டு கையும் முளைத்துவிடும். "கைய எடு பாப்பா" என்பான். எடுத்துவிடுவேன். அவன் பெயரின் முதல் மூன்று எழுத்து விழும். எத்தனை தடவை! அண்ணன் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் பல்லை இளித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். விவரம் தெரிந்த பிறகுதான் வயிறு எரிய ஆரம்பித்தது. அது இன்றுவரை அணையவில்லை.

இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருக்கிறது. சமையலறை அலமாரி, கப்போர்டு, டிவி ஸ்டாண்டு எல்லாம் செய்கிறேன். பட்டறையின் முன்பக்கத்தில் என் வீட்டுக்காரர் டிவி ரிப்பேர் பார்க்கிறார். அண்ணன் இரண்டு கேம் ஹால் வைத்திருக்கிறான். கல்லாவில் உட்காருவானே தவிர ஆட மாட்டான். யாராவது வற்புறுத்தினால், "நான் ரிட்டயர்டு ஆயிட்டேன்பா" என்று சிரித்து மழுப்பிவிடுவான். போன வருஷம் மூன்றாவதாகப் பெரிய ஹால் ஒன்று திறக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

"பாப்பா, அந்தப் பழைய பெட்டி இருந்துச்சுல்ல, அதே மாதிரி ஒண்ணு எனக்குச் செஞ்சு குடு. திறப்பு விழாவுல எல்லார் முன்னாடியும் நானே ஆடப்போறேன்."

எனக்குத் தலை நரைத்துவிட்டது. அவனுக்கு நான் இன்னும் பாப்பா.

"நீயா?" என்றேன்.

"பின்ன யாரு? பார்ட்னர் ஒத்தக் கால்ல நிக்கிறாரு. டிவிக்காரங்கல்லாம் வர்றாங்க." பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தான். உள்ளே அந்தப் பெட்டியின் சர்க்யூட் போர்டு. கேம் கடையை இழுத்து மூடியபோது வாங்கி வைத்திருந்தானாம். "இது ஒண்ணுதான் ஒரிஜினல். மத்ததெல்லாம் நீங்க ரெண்டு பேரும்தான் பாத்துக்கணும்."

பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினான். "மாப்பிள்ளை, கொஞ்சம் லேசா வைங்க. எத்தனை உயிர் குடுக்க முடியுமோ அத்தனையும் குடுத்துருங்க. இன்னொண்ணு, பழைய பெட்டியில கரண்ட் போச்சுன்னா பேரெல்லாம் அழிஞ்சிரும். இதுல பேரு அழியவே கூடாது. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர். "பேட்டரி வெச்சுட்டா நிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

முடியாது என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லியிருக்கலாம். கூடப் பிறந்தவன் ஆயிற்றே, அம்மா மனசு சங்கடப்படுமே, தொலையட்டும் என்று தலையை ஆட்டிவிட்டேன். சத்தியமாக அப்போது மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

அளவெடுக்கப் பழைய பெட்டி கிடையாது. ஒரு சோடாப் பெட்டியைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வயதில் நான் எவ்வளவு உயரம், ஸ்டிக் என் நெஞ்சுக்கு எங்கே வந்தது என்று யோசித்து யோசித்து அட்டையில் ஒரு பக்கத்தை வரைந்தேன். இடுப்பருகே முன்னால் நீட்டிக்கொண்டு, திரை இருக்கும் இடத்தில் பின்னால் சாய்ந்து, தலைக்கு மேல் மறுபடி எட்டிப் பார்க்கிற வடிவம். அதைப் பிளைவுட்டில் வைத்துக் கோடு போட்டு, இரண்டு பலகையையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவ்வி ஒரே மூச்சில் அறுத்தேன். தனித்தனியாக அறுத்தால் பெட்டி கோணிக்கொண்டுவிடும். ஓரம் முழுக்கக் காடி எடுத்து, அந்தப் பள்ளத்தில் கறுப்பு ரப்பர் பட்டையை அடித்து இறக்கினேன். வீட்டுக்காரர் ஒரு பழைய குண்டு டிவியைப் பிரித்து உள்ளே மாட்டினார். திரைக்கு முன்னால் புகை நிறக் கண்ணாடி, தலையில் விளக்கு. பெட்டி எழுந்து நின்றபோது எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பக்கப் பலகையில் ஒட்டச் சொல்லி அண்ணன் ஒரு பெரிய ஸ்டிக்கரைக் கொடுத்தனுப்பினான். பிரித்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் கடைக்காரர் எடுத்த போட்டோதான். அதே படம் அவனுடைய இரண்டு ஹாலிலும் சுவர் உயரத்துக்குத் தொங்குகிறது. பெட்டி முன்னால் அண்ணன் நிற்பான். இடது பக்கம் நின்ற என்னை அவன் வெட்டி எறிந்துவிட்டாலும், ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தப்பியிருந்தது. அந்த முழங்கை என்னுடையது. ஹாலுக்குப் போகும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன்.

இந்த ஸ்டிக்கரில் அந்த முழங்கை இல்லை. அந்த இடத்தில் வெறும் சுவரை வரைந்து, கீழே கொட்டை எழுத்தில் 'தன்னந்தனியாக வென்றவர்' என்று போட்டிருந்தது.

போனை எடுத்தேன். "ஸ்டிக்கர்ல என் கை எங்கண்ணா?"

"எந்தக் கை?"

"போட்டோ ஓரத்துல இருக்குமே."

"ஓ, அதுவா! எவனோ குறுக்க நின்னிருப்பான் போல, அசிங்கமா இருந்துச்சு. எடுக்கச் சொல்லிட்டேன். ஏன் பாப்பா?"

அவன் நடிக்கவில்லை. நடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான். அந்தப் பெட்டியின் இடது பக்கம் ஒரு பிறவி நின்றது அவனுக்கு நினைவிலேயே இல்லை. எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டது. இருடா மகனே, உனக்கு இருக்கு என்று கறுவிக்கொண்டு போனை வைத்தேன்.

என் முகத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. "இடது வயரையும் வலது வயரையும் மாத்திக் குடுத்துரவா? இடது பக்கம் திருப்பினா கப்பல் வலது பக்கம் ஓடும். கூத்தா இருக்கும்."

"ஐயோ, அந்த வேலையே வேணாங்க. பெட்டி சரியில்லைன்னு சொல்லி நழுவிருவான். ஒரு குத்தம் சொல்ல முடியாதபடி இருக்கணும். அவன் கேட்ட உயிரையும் குடுங்க, பேட்டரியையும் வைங்க."

உயிர் ஐந்து வரைக்கும் கொடுக்கலாம் என்றார். ஐந்தையும் கொடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாக அவன் சாவதைப் பார்க்க எனக்கும் கொஞ்சம் நேரம் வேண்டாமா?

என் பிள்ளைகளுக்குச் செய்த கட்டிலைக்கூட நான் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. ஸ்டிக்கின் அடியில் இருக்கும் நான்கு சுவிட்சும் ஒரே மாதிரி 'டிக்'கென்று சொல்லும் வரைக்கும் கழற்றிக் கழற்றி மாட்டவைத்தேன். பட்டன் ஓட்டைகளைக் கையால் தேய்த்து வழவழப்பாக்கினேன். அந்த ஸ்டிக்கரையும் ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டினேன்.

எல்லாம் முடிந்ததும் நானே ஆடிப் பார்த்தேன். கப்பல் என் இடது கையில் நாய்க்குட்டி மாதிரி ஓடியது. வலது கைதான் காலை வாரியது. சுட வேண்டிய நேரத்தில் சும்மா இருந்தது, ஒதுங்க வேண்டிய நேரத்தில் சுட்டது. எல்லா உயிரும் மளமளவென்று போய்விட்டன. "என்னம்மா, சாம்பியனோட தங்கச்சி!" என்று வீட்டுக்காரர் சிரித்தார். சுள்ளென்று கோபம் வந்தது. ஆட்டத்தில் பாதி நிஜமாகவே அந்தக் களவாணியுடையது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததே, அந்தக் கோபம். நாங்கள் ஆடிப் பார்த்ததில் பட்டியலில் ஏறிய பெயர்களை எல்லாம், பேட்டரியைக் கழற்றி மறுபடி மாட்டி வீட்டுக்காரர் அழித்தார்.

"ஒரு தடவை வந்து தொட்டுப் பாத்துட்டுப் போண்ணா" என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது பாருங்கள்.

"எனக்கா? கண்ணைக் கட்டி விட்டாலும் ஆடுவேன்" என்றான்.

திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். முன்வரிசை நாற்காலியில் அம்மா, பக்கத்தில் அண்ணியும் அண்ணன் மகளும். பார்ட்னர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தன்னந்தனியாக, தன்னந்தனியாக என்று வாய் ஓயாமல் சொன்னார். நான் ஒவ்வொரு தடவையும் கை தட்டினேன். அண்ணன் புதுக் கோட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டு பெட்டி முன்னால் வந்து நின்றான்.

எப்படி நின்றான் தெரியுமா? நடுவில் இல்லை. வலது பக்கம் ஒதுங்கி, பட்டனுக்கு நேராக நின்றான். இடது பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தான். மண்டை மறந்ததை உடம்பு மறக்கவில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. வலது கை படபடவென்று சுட்டது. கப்பல் நின்ற இடத்திலேயே நின்று செத்தது. தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. அடுத்த உயிருக்குத் திடுக்கிட்டு இடது கையால் ஸ்டிக்கைப் பிடித்தான். கப்பல் குடிகாரன் மாதிரி திரையின் ஓரத்தில் போய் மோதியது. மூன்றாவது போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. நான்காவதும் போய்விட்டது. நெற்றி வியர்வையைக் கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டு என்னைத் தேடினான்.

"பாப்பா, ஸ்டிக்ல ஏதோ கோளாறு."

"அப்படியா? இருண்ணா, பாக்குறேன்." போய் இடது பக்கம் நின்று ஸ்டிக்கைத் தொட்டேன். கப்பல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வழுக்கிக்கொண்டு போய் வந்தது. "கோளாறு ஒண்ணும் இல்லையே."

கையை எடுக்கப் போனேன். "போகாத, போகாத. நீ பிடிச்சுக்கோ" என்று முணுமுணுத்தான்.

"என்னண்ணா? காதுல விழல. சத்தமா சொல்லு."

பூச்சிகள் இறங்கிக்கொண்டிருந்தன. மிச்சம் இருந்தது ஒரே உயிர். "நீ ஸ்டிக்கப் பிடி பாப்பா, எப்பவும் போல!" என்று கத்தியேவிட்டான். மைக் பக்கத்தில்தான் இருந்தது.

"எப்பவும் போலன்னா?" என்றார் பார்ட்னர்.

பின்னாலிருந்து அண்ணன் மகளின் குரல் வந்தது. "அத்தை, பழைய ஹால் படத்துல ஒரு முழங்கை இருக்குமே, அது நீங்களா?"

"ஆமாடி கண்ணு" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு ஆடினோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாக இருந்தது. நான் ஒதுங்கிய இடத்துக்கெல்லாம் அவன் குண்டு வந்தது. அவன் தோள் என் தோளை இடித்தது. ஒரு பேச்சு கிடையாது. அந்த ஒற்றை உயிரை வைத்துக்கொண்டு ஓட்டு ஓட்டென்று ஓட்டி, பட்டியலின் உச்சிக்கே போய்விட்டோம். கப்பல் கடைசியில் வெடித்தபோது கூட்டம் விசிலடித்தது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிறுபிள்ளை மாதிரி சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.

திரையில் மூன்று கட்டங்கள் வந்தன. சிரித்துக்கொண்டே அவன் இடது கை ஸ்டிக்குக்கு வந்தது.

"கைய எடு" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முகம் செத்துப்போய்விட்டது. ஸ்டிக்கை நோக்கி வந்த கையை இழுத்துக்கொண்டான். பட்டன் மேல் இருந்த வலது கையையும் பார்த்தேன். அதையும் எடுத்தான். இரண்டையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

என் பெயரின் முதல் மூன்று எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடி, நிதானமாகத் தட்டினேன். பாதி அவனுடையது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போட்டேன். தன் பாதியை இன்னொருத்தர் விழுங்கினால் எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும்.

"அப்ப இவ்வளவு நாளா நீயும்தான் ஆடினியாடி? அவன் சொல்லவே இல்லையே" என்றாள் அம்மா. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. ஹாலுக்கு வருகிறவர்களெல்லாம், உச்சியில் இருப்பது யார் பெயர், உங்கள் பெயர் எங்கே என்று அவனைத் துளைத்தெடுக்கிறார்களாம். கரண்டை நிறுத்திப் பார்த்தானாம், பெயர் போகவில்லையாம்.

"மாப்பிள்ளைய ஒரு எட்டு வரச் சொல்லு பாப்பா. அந்தப் பேர அழிக்கணும்."

வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போதும், டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் டீயை ஊதிக் குடித்தார்.

"அழியவே கூடாதுன்னு நீதானேண்ணா கேட்ட?" என்றேன். "யாராவது அதைவிடக் கூட எடுத்தா, அது தானா கீழ இறங்கிடும். நீதான் சாம்பியனாச்சே. தனியா ஆடி எடுத்துக்கோ."